கோட்டுக்காரர்

பெரம்பலூர் வாத்தியாரும் அவர் மனைவியும் ரெட்டிபாளையத்தில் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. விக்கி வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, லைட் ஸ்டாண்டின் உடைந்த காலுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். கைலியை மடித்துக் கட்டியிருந்தான். பனியனில் முதுகுப் பக்கம் இரண்டு ஓட்டை. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதி தலையிலும் புருவத்திலும் அப்பியிருந்தது.

"தம்பி, போட்டோகிராபர் இல்லீங்களா?" என்றார் வாத்தியார்.

"நான்தாங்க."

வாத்தியாரின் கண் அவனைத் தாண்டி வீட்டுக்குள் போய்த் தேடியது. "இல்ல, படம் எடுக்கிறவரு."

"நான்தாங்க எடுக்கிறது."

அவர்கள் மகளுக்கு ஆனியில் கல்யாணம். கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில் திருவிழாவில் அவன் எடுத்த படங்களைப் போனில் பார்த்துவிட்டு, இவர்தான் வேண்டும் என்று தேடி வந்திருந்தார்கள். முன் அறையில் நாற்காலி போட்டான். அந்தப் படங்கள் எல்லாம் நீங்கள் எடுத்ததா என்று வாத்தியார் கேட்டார். ஆமாம் என்றான். சற்று நேரம் கழித்து அதையே வேறு மாதிரி கேட்டார். அதற்கும் ஆமாம் என்றான். வாத்தியாரம்மா, விக்கியின் மனைவி மஞ்சு கொடுத்த தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் போகும்போது சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள்.

"கலந்துக்கிட்டுச் சொல்றோம் தம்பி."

சொல்லவில்லை.

மஞ்சு அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு வந்தாள். விக்கி எடுக்கிற படங்களைக் கம்ப்யூட்டரில் வைத்துச் சரிசெய்து ஆல்பம் கோப்பது அவள் வேலை. ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். மனதில் தோன்றியதை அப்படியே சொல்லிவிடுவாள்.

"ஏங்க, அவங்க கேமராவப் பாக்க வரல. ஒங்களப் பாக்க வந்தாங்க. மூட்டை எறக்க வந்த ஆளாட்டம் குந்தியிருந்தா எப்படி?"

மூலையில் பீடிக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த விக்கியின் அப்பா கருப்பண்ணன் நிமிர்ந்தார். இருபது வருடம் ஆலையில் சிமெண்ட் மூட்டை ஏற்றியவர். "மூட்டை எறக்குறவன்னா என்னா, கேவலமா?"

"கேவலமில்ல மாமா. மூட்டை எறக்குறவருகிட்ட கல்யாணத்தக் குடுப்பாங்களா, சொல்லுங்க."

கருப்பண்ணன் பீடியைப் பற்றவைத்தார்.

பதினைந்து நாளில் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தையல்காரரிடம் விக்கிக்கு அளவெடுத்தாயிற்று. மஞ்சுதான் துணி தேர்ந்தெடுத்தாள். கருநீலம்.

"எப்ப தம்பி கல்யாணம்?" என்று கேட்டார் தையல்காரர்.

"கல்யாணத்துக்கு இல்லண்ணே. நான் போட்டோ எடுக்கறவன்."

"அது சரி. அப்ப மாப்பிள்ளைக்கு என்னா வேலை?" என்று சிரித்துக்கொண்டே தோளை அளந்தார்.

கோட்டு வந்தது. கூடவே வெள்ளைச் சட்டை, கறுப்புப் பூட்ஸ், காதோரம் ஒட்ட வெட்டிய முடி. விக்கிக்கே முதலில் வெட்கமாக இருந்தது. ஆனால் மூன்றாவது கல்யாணத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. முன்பெல்லாம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று நான்கு தடவை கெஞ்ச வேண்டும். இப்போது கையை அசைத்தால் போதும், கட்சித் துண்டு போட்டவர்கூட நகர்ந்து நின்றார். அதே கேமரா, அதே கை. படம் முன்னைவிட நன்றாக வந்தது, ஏனென்றால் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். பெரம்பலூர்ப் பக்கம் அவனுக்கு விக்கி சார் என்றே பெயராகிவிட்டது.

அந்தப் பெயரைப் பரப்பியவர் அமிர்தலிங்கம். பெரம்பலூரில் இரும்புக்கடை வைத்திருந்தார். அவர் அக்காள் மகன் சரத்குமாருக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமானதும் நேரே விக்கிக்குத்தான் போன் போட்டார்.

"விக்கி சார், இந்தக் கல்யாணத்த நல்லா எடுத்துக் குடுங்க. என் கடைக்கு மேல மாடி சும்மாத்தான் கெடக்கு. படத்தப் பாத்துட்டு எங்க அக்கா சரின்னுச்சுன்னா அங்கயே ஸ்டுடியோவப் போட்டுருங்க. ரெட்டிபாளையத்துல புழுதியத் தின்னுக்கிட்டு எதுக்குக் கெடக்குறீங்க?"

மஞ்சு அன்றே மாடிக்கு என்ன நிறம் அடிப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டாள். பெரம்பலூரில் யாரும் அப்பன் பெயரைக் கேட்க மாட்டார்கள் என்பதையும் அவள் வாய்விட்டுச் சொன்னாள்.

பெண் வீடு எந்த ஊர் என்பது பத்திரிகை வந்தபோதுதான் தெரிந்தது. விக்கிரமங்கலம் தாண்டி உள்ளே நாலு கிலோமீட்டர். பெண்ணின் அப்பா குருமூர்த்தி. சோற்றில் வைத்த கருப்பண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"அவரு வூட்டுக் கரும்பத்தான்டா நான் ஆலைக்கு வரதுக்கு முன்னால எட்டு வருசம் வெட்டுனேன்."

"அதுக்கு என்னா இப்ப?" என்றான் விக்கி.

"அதுக்கு ஒண்ணுமில்ல. போ. எடு. அந்தக் கோட்டு மட்டும் வேண்டாம். வெள்ளச் சட்ட வேட்டி கட்டிக்கிட்டு ஓரமா நின்னு எடு."

"ஓரமா நின்னா ஓரம்தான் மாமா படத்துல வரும்" என்றாள் மஞ்சு. "பெரம்பலூர்க்காரங்க கோட்டப் பாத்துத்தான் கூப்புட்டிருக்காங்க. கோட்டு இல்லாம போனா, யாரோ ஆளு மாறி வந்துட்டான்னு நெனைப்பாங்க."

"நீ அந்த ஊரப் பாத்ததில்ல புள்ள."

"நீங்க இந்தக் காலத்தப் பாக்கல."

கருப்பண்ணன் குழம்பைப் பிசைந்தார்.

முகூர்த்தம் காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள். ஆறு மணிக்கே ஊர் எல்லைப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளை அழைப்பு. அங்கே பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு வைத்துக் கொடுப்பார்கள். அதை அங்கேயே போட்டுக்கொண்டு, அலங்காரம் செய்த காரில் மேளத்தோடு மண்டபத்துக்கு வர வேண்டும். வாசலில் ஆரத்தி. அதுதான் முறை.

சரத்குமாரும் போட்டுக்கொண்டான். ஆனால் வைகாசி வெயில் ஆறரைக்கே ஏறிவிட்டது. காரில் ஏசி ஓடவில்லை. மேளக்காரர்கள் நாலடிக்கு ஒரு தரம் நின்று வாசித்தார்கள். மாப்பிள்ளை வியர்த்துக் கொட்டி, கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டான். முன்சீட்டில் கேமராவோடு விக்கி. மாப்பிள்ளை இறங்குவதை எதிரே நின்று எடுக்க வேண்டும் என்பதால் கார் நின்றதும் கதவைத் திறந்து முதலில் இறங்கியவன் அவன்தான்.

ஆரத்தித் தட்டோடு நின்றவள் கலியம்மாள். குருமூர்த்தியின் அக்காள். திருப்பூரில் இருப்பவள். நிச்சயதார்த்தத்துக்கு வரவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்ததில்லை. தம்பி கோட்டு வைத்துக் கொடுத்தான் என்பது தெரியும். கருநீலக் கோட்டும் பூட்ஸுமாக ஒருவன் இறங்கினான். மேளம் உச்சத்துக்குப் போனது.

"வாங்க மாப்ள, வாங்க" என்று மூன்று சுற்றுச் சுற்றி, தட்டில் விரலைத் தொட்டு அவன் நெற்றியில் அழுத்திப் பொட்டு வைத்துவிட்டாள். விக்கி கேமராவைக் கண்ணிலிருந்து எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அய்யோ சம்பந்தியம்மா, அது போட்டோகிராபருங்க!" என்று அமிர்தலிங்கம் காருக்குள்ளிருந்து கத்தினார். "விக்கி சாருக்கும் ஒரு பொண்ணப் பாத்து வச்சிருக்கீங்களா?"

பெரம்பலூர்க் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சரத்குமார் இறங்கி, "பரவால்ல சார், நீங்க உள்ள போய் உக்காருங்க, நான் படம் எடுக்கறேன்" என்றான். கலியம்மாள் வெட்கத்தில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "கலரா கோட்டப் போட்டுக்கிட்டு வந்தா நான் என்னத்தக் கண்டேன்!" விக்கியும் சிரித்தான். அந்த ஒரு நிமிடம் அவன் நிறையவே சிரித்தான்.

பெண் வீட்டுப் பக்கம் நின்ற அய்யாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. குருமூர்த்தியின் பங்காளி. மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"ரெட்டிபாளையம்ங்க."

"ரெட்டிபாளையத்துல யாரு வூடு?"

விக்கிக்கு வேறு பெயர் சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. "கருப்பண்ணன் மவன்ங்க."

அய்யாக்கண்ணு அவன் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். பிறகு பூட்ஸைப் பார்த்தார். உள்ளே போனார்.

ஐந்து நிமிடத்தில் அவனைக் காய்கறி அறைக்குக் கூப்பிட்டார்கள். வாழைத்தார்களும் பூசணிக்காய்களும் அடுக்கியிருந்த அறை. குருமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பட்டு வேட்டி, புதுச் சந்தனம். குரலை உயர்த்தவேயில்லை. அய்யாக்கண்ணு கதவோரம். அமிர்தலிங்கம் என்னவென்று புரியாமல் பின்னாலேயே வந்து நின்றார்.

"ஒங்கப்பன் எப்படி இருக்கான்?"

"இருக்காருங்க."

"இருக்காரு" என்று குருமூர்த்தி சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நல்ல ஆளு. மேங்காட்டுக் கரும்பு பூரா அவந்தான் வெட்டுவான். தண்ணி கேட்டாக்கூட வரப்புல நின்னுதான் கேப்பான். கோட்டு எங்க தச்சது?"

"அரியலூர்லங்க."

"நல்லா தச்சிருக்கான். கழட்டு."

விக்கி அமிர்தலிங்கத்தைப் பார்த்தான்.

"சம்பந்தி, என்னா இது?" என்றார் அமிர்தலிங்கம். "தெரியாம நடந்தது. அதுவும் ஒங்க அக்காதான..."

"அவ தெரியாமத்தான் சுத்துனா. இவனுக்குத் தெரியும்ல, தான் யாருன்னு? மாப்பிள்ளைக்குச் சுத்த வேண்டியத இவன் வாங்கிக்கிட்டு நிக்கிறான், பல்லக் காட்டிக்கிட்டு. வெளிய எங்க சனம் என்னா பேசுதுன்னு போய்க் கேளுங்க. ஒங்களுக்கு டவுனு. நாளைக்கே போயிருவீங்க. நான் இங்க இருக்கணும்."

"அப்ப படம்?"

"படத்த யாரு நிறுத்தச் சொன்னா? எடுக்கட்டும். ஆளப் போல எடுக்கட்டும்."

அமிர்தலிங்கம் தொண்டையைச் செருமினார். வெளியே நாதஸ்வரம் கேட்டது. மணி ஆறே முக்கால் ஆகியிருந்தது. "சரி தம்பி" என்றார். அதுவரை சார் என்று கூப்பிட்டவர். "அவரு மனசு நோவ வேண்டாம். ரெண்டு மணி நேரந்தான. கழட்டிருங்க."

விக்கி கழற்றினான்.

"சட்டையும். அது மாப்பிள்ளை சட்டையாட்டமே இருக்கு" என்றார் அய்யாக்கண்ணு.

பந்தி பரிமாற வந்தவர்களுக்குச் சமையல்காரர் மஞ்சள் பனியன் கொடுத்திருந்தார். முதுகில் அவர் பெயரும் போன் நம்பரும் பெரிதாக அச்சடித்தது. ஒரு பனியனைக் கொண்டுவந்து வாழைத்தாரின் மேல் போட்டார்கள். விக்கி அதை மாட்டிக்கொண்டு நெற்றியைப் புறங்கையால் தேய்த்தான்.

"கையால தேச்சா போவாது. அந்தா அண்டாவுல தண்ணி இருக்கு, காய் கழுவுனது" என்றார் குருமூர்த்தி. அவன் கழுவும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமிர்தலிங்கத்திடம், "முன்னால நிக்க ஒரு ஆளு வேணும்ல? வீடியோ எடுக்க வந்திருக்கான்ல, அஜித்குமாரு, அவன் நம்ம வகையறா. அவன் கோட்டப் போட்டுக்கிட்டு மேடையில நிக்கட்டும். இவன் கீழருந்து எடுக்கட்டும். மேடையில ஏற வேண்டாம்."

அஜித்குமார் விக்கியே வீடியோவுக்குக் கூட்டி வந்தவன். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் வேலை தெரியும். சிவந்த ஆள், நல்ல உயரம்.

"எனக்கு வேண்டாங்க மாமா, இது அண்ணனோடது" என்றான்.

"போடுறா. ஒனக்குத்தான் எடுப்பா இருக்கு."

உண்மையிலேயே எடுப்பாகத்தான் இருந்தது. கலியம்மாள் புதுத் தண்ணீர் கரைத்து மறுபடி ஆரத்தி எடுத்தாள். இந்த முறை பின்சீட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு நின்ற சரத்குமாருக்கு.

அதன்பின் இரண்டரை மணி நேரம். விக்கி மேடைக்குக் கீழே இடப்பக்கம் நின்றான். அஜித்குமார் மேடையின் வலப்பக்க மூலையில் வெறுங்கையோடு நின்றான். சொந்தக்காரர்கள் வரிசையாக மேடையேறினார்கள்.

"இங்க பாருங்க! இங்க, இங்க!" என்று விக்கி கீழிருந்து கத்தினான்.

பார்த்தார்கள். மஞ்சள் பனியனைப் பார்த்தார்கள். உடனே முகத்தைத் திருப்பிக் கோட்டுக்காரனைப் பார்த்தார்கள். அஜித்குமார் கூச்சத்தில் கையை லேசாகத் தூக்கினான். தூக்கியதும் வரிசை முழுவதும் சிரித்தது. மறுபடி தூக்கினான். மறுபடி சிரித்தார்கள். பத்தாவது வரிசையில் அவனுக்குக் கூச்சம் போய்விட்டது. "அக்கா, மாலைய நேரா போடுங்க. சித்தப்பா, வயித்த உள்ள இழுங்க" என்று அவனே சொல்ல ஆரம்பித்தான். எல்லோரும் கேட்டார்கள்.

"அஜித்து, இந்தப் பக்கம் வந்து என் தலைக்கு மேல நில்லுடா. கண்ணு தப்பிப் போவுது" என்று விக்கி சைகை காட்டினான். அஜித்குமார் ஒரு அடி நகர்ந்தான். முன்வரிசையிலிருந்து அய்யாக்கண்ணு, "டேய் பரிமாறறவனே, அவர ஏன்டா தொந்தரவு பண்ற?" என்றார். அஜித்குமார் திரும்பவும் மூலைக்கே போய்விட்டான்.

இடையில் ஒரு கிழவர் விக்கியின் தோளைத் தட்டி, "வென்னி கெடைக்குமா?" என்றார். பந்திக்கு வழி கேட்டார்கள். ஒரு அம்மாள் குழந்தை வாந்தி எடுத்த இடத்தைக் காட்டி, "தம்பி, ஒரு தொடப்பம் போட்டுரு" என்றாள். கேமரா கையில் இருப்பது யாருக்கும் கண்ணில் படவில்லை. பட்டவர்களும், யாருடையதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒரே ஒருத்தி நேராகப் பார்த்தாள். மணப்பெண் ஆர்த்தி. தாலி கட்டுவதற்கு முன், மாப்பிள்ளை உடை மாற்றப் போயிருந்த நேரம். மேடையில் தனியாக உட்கார்ந்திருந்தவள் குனிந்து மெதுவாக, "அண்ணே, நீங்கதான எடுக்கறீங்க? ஒங்களத்தான பாக்கணும்?" என்றாள். விக்கி தலையசைத்தான். அவள் நிமிர்ந்து அவன் லென்ஸைப் பார்த்தாள். ஒரு படம் எடுத்தான். வியர்வையில் பொட்டு லேசாகக் கலங்கியிருந்தது, தூக்கம் இல்லாத கண், சிரிப்பதா வேண்டாமா என்ற வாய். அன்றைக்கு அவன் எடுத்ததில் அது ஒன்றுதான் படம்.

கோட்டை அஜித்குமார் திருப்பிக் கொடுக்கவில்லை. விக்கி கேட்கவும் இல்லை.

மஞ்சுவிடம் கோட்டைச் சலவைக்குப் போட்டிருப்பதாகச் சொன்னான். மூன்றாம் நாள் அவள் படங்களைத் திறந்தாள். முதல் இருபதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னாங்க இது, எல்லாம் ஒரே பக்கமா காக்கா பாக்குதுங்க?"

அவள் மேலும் நகர்த்தினாள். நூறு படம், இருநூறு. தாத்தாக்கள், சித்திகள், கைக்குழந்தை, எல்லோரும் அழகாகச் சிரித்துக்கொண்டு எங்கேயோ ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பு நின்றது. அஜித்குமாரின் வாட்ஸப் ஸ்டேட்டஸைத் திறந்தாள். கோட்டோடு மேடையில் நிற்கும் படம். யாரோ போனில் எடுத்தது. ஓரத்தில், கீழே, மஞ்சள் முதுகு ஒன்று. போன் நம்பரோடு.

நடந்ததை எல்லாம் அவனிடம் கேட்டு வாங்கினாள். கருப்பண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்கு ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். வீடு ஒரு தரம் உதறி அடங்கியது.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் கருப்பண்ணன். குரலில் துக்கத்தைவிட ஆறுதல்தான் இருந்தது.

"ஏங்க, கழட்டுன்னா கழட்டிருவீங்களா?" என்றாள் மஞ்சு. "கேமராவத் தூக்கிக்கிட்டு வர வேண்டியதுதான?"

"மாடி?" என்றான் விக்கி.

அவள் மவுஸைத் தள்ளி வைத்தாள். பிறகு, "கோட்டுல ஒண்ணும் தப்பில்ல. யாரு போடுறாங்கங்கறதுலதான் இருக்கு" என்றாள். சொன்னபின் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் அவள் படங்களில் இருந்த கண்களைத் திருத்தினாள். ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கி, கருவிழியை இழுத்து நடுவில் வைத்தாள். சிலருக்குச் சரியாக வந்தது. பலருக்குக் கொலு பொம்மைக் கண்ணாக நிலைகுத்தியது. ஒரு தாத்தாவுக்கு மாறுகண் விழுந்தது. கடைசியில் அலுத்துப்போய் பாதியை இருந்தபடியே விட்டாள். ஆர்த்தியின் படத்தை மட்டும் தொடவில்லை. முழுப் பக்கத்துக்கு வைத்தாள்.

ஆடி பிறந்து பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். ஆல்பத்தை அங்கேயே கொண்டுவரச் சொன்னார் அமிர்தலிங்கம். அவரும் வருகிறார், பார்த்துவிட்டு மாடிச் சாவி விஷயம் பேசலாம் என்றார். விக்கி அஜித்குமாரையும் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளைச் சட்டை, வேட்டி. ஆடிக்காற்று வண்டியை ஆட்டியது.

வீட்டில் அஜித்குமாருக்கு நாற்காலி போட்டார்கள். காப்பி வந்தது. விக்கி ஆல்பப் பையோடு நடைக்கு வெளியே நின்றான். குருமூர்த்தி மடியில் வைத்துப் புரட்டினார். அமிர்தலிங்கம் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். ஆர்த்தி கதவுக்குப் பக்கத்தில்.

நாலு பக்கம் போனது.

"என்னா தம்பி இது?" என்றார் அமிர்தலிங்கம். "ஒருத்தர்கூட நம்மளப் பாக்கல?"

"ஐயா, அன்னிக்கி அவரு அந்த மூலையில நின்னாரு, நான் கீழ..."

"இதுல எங்க அப்பாவுக்குக் கண்ணு ஒண்ணரையா இருக்கு" என்றார் குருமூர்த்தி. "செத்துப்போற வயசுல இருக்கற மனுசன். இதத்தான் மாலை போட்டு மாட்டணும் நாளைக்கி."

"நீங்க மேடையில ஏற வேண்டாம்னு சொன்னீங்கல்லங்க? அதான்..."

"நல்லா எடுக்கறவன் கீழ நின்னா எடுக்க மாட்டானா?" குருமூர்த்தி அஜித்குமார் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடா. நீயும் அங்கதான நின்ன. தொழில் தெரிஞ்சவன் எடுத்த படமா இது?"

அஜித்குமார் காப்பி டம்ளருக்குள் பார்த்தான். "வெளிச்சம் கொஞ்சம் பத்தலிங்க மாமா" என்றான்.

விக்கி அவனைப் பார்த்தான். அமிர்தலிங்கம் பெருமூச்சு விட்டார். "கோட்டப் போட்டுக்கிட்டு இருந்தப்ப நல்லாத்தான் எடுத்துக்கிட்டிருந்தாரு இவரு" என்று பொதுவாகச் சொன்னார். அதை அவர் மனதார நம்பித்தான் சொன்னார்.

"இது நல்லாருக்குப்பா" என்றாள் ஆர்த்தி. அவள் படம் வந்திருந்தது. "இது ஒண்ணு போதும் எனக்கு."

குருமூர்த்தி அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். தாத்தாவின் மாறுகண்ணைப் பார்த்தபோது வராத கோபம் இப்போது முகத்தில் வந்தது.

"நீ யாரப் பாத்துக்கிட்டிருக்க இதுல?"

"கேமராவத்தான்ப்பா."

"எல்லாரும் ஒரு பக்கம் பாக்கறாங்க. நீ மட்டும் ஏன் இந்தப் பக்கம் பாக்கற? தாலி ஏறதுக்கு முன்னால, மாப்பிள்ளை பக்கத்துல இல்லாதப்ப, யாரு சொல்லி இவனப் பாத்த?"

ஆர்த்தி உள்ளே போய்விட்டாள். குருமூர்த்தி பாக்குவெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். கெட்டி அட்டைப் பக்கம். கையால் கிழிக்க வரவில்லை. ஓரத்தை வெட்டி, இரண்டாக மடித்து, விக்கியின் காலடியில் போட்டார்.

"எடுத்துட்டுப் போ. ஒங்கிட்ட கம்ப்யூட்டர்ல இருக்கறதையும் அழிச்சிரணும். அது எங்கியாச்சும் வெளிய வந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், அப்பறம் ஒங்கப்பன் மொகத்துக்காகக்கூடப் பாக்க மாட்டேன்."

அமிர்தலிங்கம் மாடியைப் பற்றிப் பேசவில்லை. வாசல்வரை வந்து, அஜித்குமாரின் தோளைத் தட்டி, அவன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே விக்கி அந்தப் படத்தை அழித்தான். மஞ்சு பக்கத்திலிருந்து, கம்ப்யூட்டர் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழியுங்கள் என்றாள். அதையும் அழித்தான்.

ஆடி முடியும்வரை போன் அடிக்கவில்லை. பெரம்பலூரில் எடுப்பதாக இருந்த இரண்டு வளைகாப்புகளும் கைவிட்டுப் போயின. விக்கி லைட் ஸ்டாண்டை எடுத்துக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். கருப்பண்ணன் ஆலை காண்ட்ராக்டரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

ஆவணி இரண்டாம் தேதி மத்தியானம் போன் அடித்தது. விளம்பரத்தில் கொடுத்திருந்தது மஞ்சுவின் நம்பர்தான். ஸ்பீக்கரில் போட்டாள். வெடிச் சத்தத்துக்குப் பிறகு காது அடைத்துக்கொள்ளும், அதனால் எப்போதும் அப்படித்தான் பேசுவாள். விக்கி சோற்றுத் தட்டோடு எதிரே உட்கார்ந்திருந்தான்.

ஒரு பெண் குரல். "வைகாசியில விக்கிரமங்கலம் பக்கம் குருமூர்த்தி வூட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்கதான நீங்க? எங்க தம்பிக்குக் கல்யாணம். மூணு நாளு நிகழ்ச்சி. அதுக்கப்பறம் தங்கச்சிக்கும் தையில இருக்கு. ரெண்டயும் ஒங்களுக்கே குடுத்துரலாம்னு."

"சந்தோசம்ங்க" என்றாள் மஞ்சு. விக்கி சாப்பிடுவதை நிறுத்தினான்.

"கோட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தரு இருந்தாருல்ல, செகப்பா, ஒசரமா? எவ்வளவு தன்மையா நிக்க வச்சாரு எல்லாரையும். அவருதான வருவாரு?"

மஞ்சு ஒரு மூச்சு விட்டாள். "ஆமாங்க. அவருதான் எங்க போட்டோகிராபரு."

விக்கி அவளையே பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன், தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கிப் பரிமாறற பனியனப் போட்டுக்கிட்டு ஒருத்தன் கேமராவத் தூக்கிக்கிட்டு குறுக்க குறுக்க வந்து கத்திக்கிட்டே இருந்தான். அவனாலதான் படமெல்லாம் கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்க. அவன மட்டும் கூட்டிக்கிட்டு வராதீங்க."

மஞ்சு காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள்.

"வர மாட்டான்ங்க" என்றாள். "அவன அப்பவே நிறுத்திட்டோம். தேதி சொல்லுங்க."